இருக்கைக்கு அடியில்

முதலில் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்திருக்கவில்லை.

"பல்லு புடுங்குறவ மாதிரி உத்துப் பாக்காத லா. சட்டுனு மாட்டு," என்றாள் அம்மா.

தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் தொப்பி வைத்து, புல்வெட்டும் வண்டியின் நிழலில் குந்தியிருந்தாள்.

மலேசியாவில் சிலிம் ரிவர் ஊருக்கு வெளியே, ரப்பர் எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் இருந்த இடம் இது. இப்போது கோல்ஃப் பழகும் திடல். அம்மா இங்கே பால் வெட்டியவள். மரங்கள் போன பிறகு இங்கேயே புல் வெட்டுகிறாள். மரங்களைப் பிடுங்கிய இடங்கள் புல்லுக்குக் கீழே மேடும் பள்ளமுமாக இன்னும் இருக்கின்றன.

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து வண்டி சரியில்லை. மேட்டில் ஏறி இறங்கினால் இன்ஜின் அணைந்துவிடுகிறது.

சூப்பர்வைசர் யுகேந்திரன் அண்ணன் நேற்றுச் சொல்லிவிட்டார். கோளாறு வண்டியில் என்றால் பட்டறைக்கு அனுப்புவார். ஓட்டுகிறவரிடம் என்றால் திங்கட்கிழமையிலிருந்து வேறு ஆள்.

"வேற ஆளாம். இத்தன வருசமா யாரு ஓட்டுனா, அவன் மாமியாரா?"

நான் இயற்பியல் படித்தவள். இன்ஜினைக் கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பெட்ரோலைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டினேன். தண்ணீர் கலக்கவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டினேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். டாங்க் மூடியில் ஒரு சிறு துளை உண்டு. அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. அடைக்கவில்லை.

அம்மா ஏறினாள். பிளேடைச் சுழலவிடாமல் சும்மா ஒரு சுற்றுப் போனாள்.

மேட்டில் இன்ஜின் அணைந்தது.

"பாத்தியா? ரோசாக்கு. வண்டி கெட்டுப்போச்சு," என்றாள். அதில் ஒரு திருப்தி இருந்தது.

நான் ஏறினேன். அதே மேடு. அணையவில்லை. அடுத்ததிலும் அணையவில்லை. திடலின் கடைசி வேலி வரை போய்த் திரும்பினேன்.

"படிச்சவளப் பாத்தா அதுக்கும் மரியாத," என்றாள் அம்மா.

மறுபடி அவள் ஏறினாள். அணைந்தது.

அவளை இறங்கச் சொல்லி, இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கட்டைவிரல் அளவு ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் அந்தக் கனத்தில் அது அமுங்கும். ஆள் தவறி விழுந்தால் எழும்பி இன்ஜினை அணைக்கும். விழுந்தவர்மேல் பிளேடு ஏறாமல் இருப்பதற்காக.

விரலால் அழுத்தினேன். ஸ்பிரிங் நன்றாக இருந்தது. ஒயர்களும் நன்றாக இருந்தன.

அம்மாவை உட்கார வைத்து மெதுவாக ஓட்டச் சொன்னேன். பக்கத்திலேயே நடந்தபடி, இருக்கையின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பிடித்தேன். மேடு தாண்டியது. அடுத்ததும் தாண்டியது.

கையை எடுத்தேன்.

அணைந்தது.

இன்னொரு முறை செய்தேன். அதேதான்.

"என்னாடி கண்டுபுடிச்ச?"

நான் எண்ணெய்க் கையைத் துடைத்தேன். துணி கறுத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சுவிட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் சேர்த்து முறுக்கிவிடலாம். ஒரு நிமிட வேலை. அதன் பிறகு எந்த மேட்டிலும் அணையாது. அம்மா கீழே விழுந்து கிடந்தாலும் அணையாது.

கையிலெடுத்த குறட்டைத் திரும்பப் பையில் போட்டேன்.

யுகேந்திரன் அண்ணன் காரிலிருந்து இறங்கி, வெயிலுக்குக் கையைக் குடையாக வைத்துக்கொண்டு வந்தார்.

"என்னா ஷெரில், வண்டியா, ஆளா?" என்று என்னைக் கேட்டார்.

"வண்டிதான், தம்பி. எம்மக பாத்துட்டா," என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

"வண்டி நல்லா இருக்கு, அண்ணே."

தூரத்தில் யாரோ பந்தை அடிக்கும் சத்தம் கேட்டது.

அம்மா சாவியை உருவி அவர் கையில் வைத்தாள்.

"எடுத்துக்க, தம்பி. பெரிய படிப்புப் படிச்சவ. சரியாத்தான் சொல்லுவா."

அவர் சாவியோடு காருக்குத் திரும்பிப் போனார்.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஹெல்மெட்டை நீட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். வலப்பக்கம் போனால் வீடு. இடப்பக்கம் ஆஸ்பத்திரி. இடப்பக்க விளக்கைப் போட்டேன்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கால்களை ஊன்றி, அவள் ஏறுவதற்காகக் காத்திருந்தேன்.

என் காதுக்குப் பின்னால் குரல் வந்தது.

"போயேன்டி. ஏறி எவ்வளவு நேரமாச்சு."