மொட்டைமாடிக்கு வந்த பெல்ஜியம்காரர்

"ஜில்லுன்னு ஒரு பீர். நான் பெல்ஜியத்துக்காரன்," என்றார் வைக்கோல் தொப்பிக்காரர், பிரெஞ்சில். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை.

கெய்ரோவின் நடுவே, ஒரு பழைய குடியிருப்பின் உச்சியில் இருந்த ஹோட்டல் அது. அதன் மொட்டைமாடி பாரிலிருந்து பார்த்தால் பழைய நகரத்தின் கோபுரங்கள் தூசியில் மங்கி நிற்கும். நோன்பு மாதம் முழுக்க, பாஸ்போர்ட் காட்டும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் அங்கே ஊற்றுவார்கள்.

சர்வர் நஸீஃப் அவரை ஒரு கணம் பார்த்தார். பாஸ்போர்ட் கேட்கவில்லை. "உட்காருங்க முசியூ," என்று கைப்பிடிச் சுவரோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

எல்லாம் தன் பிரெஞ்சின் மகிமை என்று தொப்பிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். கீழே பட்டப்பகலில் ஜனங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி போய்க்கொண்டிருந்தார்கள். "மானங்கெட்ட ஊர்," என்று முணுமுணுத்தார். அரபியில்.

பீர் வந்தது. "வழக்கம்போல நுரை கம்மியா ஊத்தியிருக்கேன், பாஷா."

தொப்பி கழன்றது. அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் தனியாக வசிக்கும் ஃபிக்ரி பாஷா. நீர்ப்பாசனத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்ற பின்னும், லிஃப்ட் தனக்காக எழுந்து நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்.

"எப்படிய்யா கண்டுபிடிச்ச?"

"வேஷமெல்லாம் சரிதான் பாஷா. குரல்தான் ஃபைலைத் திருப்பி அனுப்புற குரல்."

"யார்கிட்டயும் சொல்லிடாதே. எனக்கு சர்க்கரை, அதனால நோன்பு கிடையாது." பீருக்கு அந்தச் சர்க்கரை தடை சொன்னதாகத் தெரியவில்லை. "ஒரு மாசமாச்சு நஸீஃப், இங்க வந்து. வாய்விட்டுப் பேச ஆளில்ல. ஜன்னலைச் சாத்திட்டு, காது மிஷினைக் கழட்டி வெச்சுட்டு, மத்தியானம் வரைக்கும் தூங்குறேன். வாட்ச்மேனையும் ரெண்டு நாளாக் காணோம், பேப்பர் கூட இல்ல."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கீழ வந்திருப்பேனே."

"பாஷா வீட்டுக்கு பார்க்காரன் வர்றதா? நல்லாயிருக்கே."

நஸீஃப் சிரித்து வைத்தார். பாதிக் கோப்பை காலியானதும் பாஷாவின் சுருதி ஏறியது.

"நோன்பு முப்பதும் முடிஞ்சு நாளைக்குப் பெருநாள் விடியட்டும், அப்புறம் பாரு. முதல்ல குவைத்துலேர்ந்து பையன். அடுத்து பொண்ணு. அதுக்கப்புறம் எங்கிட்ட வேலை பார்த்தவனுங்க ஒவ்வொருத்தனா. போனு கொதிச்சுரும்." சாட்சிக்கு அழைப்பதுபோல் கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். காலையிலிருந்து ஒரு அழைப்பும் வராத, துடைத்துவிட்ட மாதிரியான திரை.

நஸீஃப் துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தார்.

"மேசை தேஞ்சிரும்யா. சரி, நீயும் நாளைக்கு ஒரு போன் போடு. லைன் கிடைச்சா பேசுறேன்."

நஸீஃப் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். எதிர் நாற்காலியை இழுத்து, இத்தனை வருடத்தில் முதல் முறையாக, பாஷாவின் முன்னால் உட்கார்ந்தார்.

"பாஷா, பெருநாள் இன்னைக்குத்தான்."