நாலாவது தட்டு

"வீட்டுல இருக்கிறது ரெண்டே பேரு. மேசையில நாலு தட்டு. எப்படிம்மா?"

நலத்துறை ஆய்வாளர் வித்சாக் கேட்டதும் பொஷேனா மேசையைத் திரும்பிப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம்கூட இந்த மனிதர் விடமாட்டாரா?

கதவு தட்டும் சத்தம் கேட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிய அவள் புருஷன் ரிஷார்த், வெறும் சட்டையோடு பால்கனியில் ஒடுங்கி நின்றான். வெளியே எங்கள் சிலேசிய நிலக்கரிப் பகுதியின் குளிர், மைனஸ் பன்னிரண்டு.

சுரங்கங்களை மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான். காகிதத்தில் விவாகரத்து, வீட்டில் ஒரே கட்டில். தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்க்குத்தான் உதவித்தொகை. புருஷன் இருப்பது தெரிந்தால் அதுவும் போகும், வழக்கும் வரும். போன வருஷம் கீழ்வீட்டுக்காரியை மாட்டிவிட்டவர் இதே வித்சாக்தான்.

"ஒண்ணு, திடீர்னு வர்ற விருந்தாளிக்கு சார். இன்னிக்கு எல்லார் வீட்லயும் வைக்கிறதுதானே."

"அது எனக்குத் தெரியாதா? நாலாவது?"

"செத்துப்போன எங்க அண்ணனுக்கு."

வித்சாக் அந்தத் தட்டைக் குனிந்து பார்த்தார். "பீட்ரூட் சூப்புல பாதியைக் காணோமே. அண்ணன் வந்துட்டுப் போயிட்டாரா?"

"நான்தான் குடிச்சேன்," என்றாள் மகள், ஏழு வயது கிங்கா. அவள் கண் பால்கனித் திரையை விட்டு நகரவில்லை.

எப்போதும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் கோப்பு இன்று அவரிடம் இல்லை. எல்லாவற்றையும் மனசிலேயே எழுதிக்கொள்கிறான் பாவி என்று நினைத்தாள் பொஷேனா.

அவரோ கோட்டைக்கூடக் கழற்றாமல் விருந்தாளித் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு வந்தவரை எழுந்து போ என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. அவள் சூப்பை ஊற்றினாள்.

அவர் நிதானமாகக் குடித்தார். ரொட்டித் துண்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார்.

பால்கனியில் ஒரு இருமல் எழுந்து, பாதியில் அடங்கியது.

"யாரு அங்க?"

"பூனை," என்றாள் கிங்கா.

"ஆம்பளை மாதிரில்ல இருமுது உங்க பூனை."

மறுபடி இருமல். இந்த முறை அது அடங்கவில்லை. ரிஷார்த்தின் நெஞ்சில் இருபது வருஷத்து நிலக்கரித் தூசி. இந்தக் குளிரை அது தாங்காது என்று பொஷேனாவுக்குத் தெரியும். பணமா, புருஷனா என்று யோசிக்க இனி நேரமில்லை.

அவள் திரையை விலக்கிக் கதவின் தாழில் கை வைத்தாள். "எழுதிக்குங்க சார். என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க."

வித்சாக் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கூப்பிடும்மா அவரை. என்னை வேலையைவிட்டு எடுத்து ரெண்டு மாசமாச்சு... பசிக்குதுன்னுதான் வந்தேன்."