சேர்மன் வராத திறப்பு விழா

"இடுப்பு விட்டுப் போச்சுங்க சாமி. உக்காந்தா எந்திரிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். நின்னுட்டே பேசறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

ஊருக்கு வெளியே சேரி வளவில், மயிலாள் தன் குடிசையின் கூரைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாரத்தில் ஆறு நாள் ஜின்னிங் பேக்டரியில் குத்தவைத்துப் பருத்தியில் தூசி பொறுக்குகிற இடுப்பு. ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் நிமிரும். அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான்.

வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு காகிதக் கட்டு, ரோட்டில் கார்.

"ஓட்டுக் கேக்க வந்தீங்களா? போன மாசந்தானுங்களே போட்டோம்."

"ஓட்டெல்லாம் இல்ல மயிலா. நான் சேர்மன் சென்னியப்பன் பேரன். சிவசுப்பிரமணியம்."

மயிலாள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "பெரிய பண்ணாடி பேரனுங்களா! திருப்பூருல பனியன் கம்பெனி வெச்சிருக்கற சாமிதானுங்களே?"

"ஆமா. எங்க அப்பாரைப் பத்தி ஒரு புஸ்தகம் எழுதறேன். நீ ஒரு சேதி சொல்லோணும்."

அப்பாரு என்று அவர் சொன்ன தாத்தா சாதாரண ஆள் இல்லை. நானூறு ஏக்கர் தோட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் ராவ் சாகிப் பட்டம். பதினோரு வருஷம் டவுனுக்குச் சேர்மன். உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டவுனுக்குக் குழாய் போட்டு ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தவர்.

"எல்லாம் எழுதியாச்சு. ஒரே ஒரு நாள்தான் இடிக்குது. முப்பத்தெட்டாம் வருசம், குழாய்த் தண்ணி தொறந்த நாள். கலெக்டர் வந்துட்டாரு, பேண்டு வந்திருச்சு, ஊரே வந்திருச்சு. சேர்மனை மட்டும் காணோம்!"

"அதுக்கு இப்ப என்னுங்க?"

"நாளைக்குக் கவுன்சில் கூட்டம். புது பஸ் ஸ்டாண்டுக்கு அப்பாரு பேரை வெக்கறதா பேச்சு. ஒரு மெம்பர் குறுக்க உளுந்து கத்தறான். பைப்புல காசு அடிச்சுட்டு, கலெக்டர் மூஞ்சியில முழிக்கப் பயந்துட்டு ஒளிஞ்சுக்கிட்டாராம். அன்னிக்கு அவர் எங்க இருந்தார்னு சொல்ல ஒரு சாட்சி இல்லாட்டி, அந்தப் பேரு நாறிப்போயிரும். அன்னிக்கு வண்டி ஓட்டின சுப்பையன் சாகக் கெடக்கறான். அவனைக் கேட்டா, 'மயிலாளைக் கேளுங்க'ன்னுட்டு வாயை மூடிக்கிட்டான்."

"சுப்பையன் வாயை மூடிக்கிட்டானா? அப்ப நெசமாலுமே சாகத்தான் போறானுங்க."

சிவசுப்பிரமணியத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க. பெரிய பண்ணாடி இங்கதான் இருந்தாரு."

"இங்கயா? இந்த வளவுலயா?"

"வளவுக்குள்ள இல்லீங்க. அதா, ரோட்டோரப் புளியமரம். வெயில் ஏறறதுக்கு முன்னாடியே வந்து நின்னாரு. பொழுது எறங்கற வரைக்கும் நின்னாரு. ஒரு வாய்த் தண்ணி குடிக்கலீங்க. கொண்டு போய்க் குடுக்க எங்களுக்கும் தகிரியம் இல்ல."

"அதே நாள்தான்னு எப்படிச் சொல்றே?"

"எங்கம்மா செத்த நாளாச்சுங்களே. வளவு ஆம்பளைக அத்தனை பேரையும் விழாவுக்குப் பந்தல் போட டவுனுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. பொணம் தூக்க நாலு ஆள் இல்ல. அவங்க வர்ற வரைக்கும் இந்த வாசல்லயே போட்டு வெச்சிருந்தோமுங்க."

சிவசுப்பிரமணியம் பேனா மூடியைத் திருகித் திறந்தார். "அப்பாரு என்ன செஞ்சாரு? அதைச் சொல்லு."

"வாசலையே பாத்துட்டு நின்னாரு. ரெண்டு வாட்டி இந்தப் பக்கம் நாலு எட்டு வெச்சாரு. அழுதுட்டிருந்த பொம்பளைக அவரைப் பாத்து மிரண்டு எந்திரிக்கவும், அப்படியே திரும்பி மரத்தடிக்குப் போயிட்டாரு."

சிவசுப்பிரமணியம் காருக்கு நடந்தார். காகிதத்தைக் காரின் மேல் வைத்து மளமளவென்று எழுதினார். திரும்பி வந்து உரக்கப் படித்தார்.

"'பண்ணையில் கூலி வேலை செய்த ஓர் ஏழைப் பெண்ணின் சாவுக்காகக் கலெக்டரையே காக்க வைத்த கருணைக் கடல் எங்கள் தாத்தா...' எப்படி இருக்குது?"

"கடல் நான் பாத்ததில்லீங்க."

"நாளைக்கு அந்த மெம்பர் வாயைத் தொறக்கட்டும், பாக்கறேன்! இந்தா, இதுக்குக் கீழ ஒரு ரேகை வெச்சிரு."

மைப்பெட்டியை நீட்டினார். மயிலாள் கட்டைவிரலை மையில் அமுக்கி எடுத்தாள். காகிதத்துக்கு மேலே விரல் நின்றது.

"கூலி வேலைன்னு எழுதினதை அடிச்சிருங்க. உங்க பண்ணையில ஏரோட்டினது எங்கப்பன். எங்கம்மா அங்க ஒரு நாளும் வேலை செஞ்சதில்லீங்க."

"அப்புறம் எதுக்கு எங்க அப்பாரு நாள் பூராவும் இங்க வந்து நிக்கோணும்?"

"எங்கம்மா அங்க பொறந்தவங்க."

"எங்க ஊட்டுலயா?" என்றார் சிவசுப்பிரமணியம்.

"பெரிய பண்ணாடிக்குக் கூடப் பொறந்த ஒரே பொறப்பு. எங்கப்பன் கூட வந்துட்டாங்கன்னு, காலராவுல போயிட்டதா ஊருக்குச் சொல்லித் தலை முழுகிட்டீங்க" என்றாள் மயிலாள். "பொறந்த ஊட்டுக் கோடிச் சீலை போட்டுத்தானே ஒரு பொம்பளையைத் தூக்கோணும்? துண்டுக்குள்ள சுருட்டிக் கொண்டாந்த சீலையை இந்த வாசலுக்குக் கொண்டார முடியாம, பொழுது எறங்கவும் அவர் திரும்பக் கொண்டு போயிட்டாரு. எங்கம்மாளுக்கு ஒரு கோடிச் சீலை இன்னும் உங்க ஊட்டுப் பாக்கி, கண்ணு. அதையும் எழுது, ரேகை வெக்கறேன்."