உறுப்பினர் எண் நாற்பத்தொன்று

"ஊசி எவ்வளவு ஆழம் போச்சு?" என்று செயலாளர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

எதிரே போட்டிருந்த ஒற்றை நாற்காலியில் இருந்தவர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். ஓர் அங்குலம் இருக்கும்.

மேஜையைச் சுற்றியிருந்த ஐந்து பேருக்கும் அது போதும். தோளின் உச்சியில் இருக்கும் அந்த அக்குபஞ்சர் புள்ளிக்கு நேர் கீழே நுரையீரலின் முனை. தசையைக் கிள்ளித் தூக்கி, ஊசியைச் சாய்த்து, அரை அங்குலத்துக்குள் நிறுத்த வேண்டும். முதல் வருடப் பாடம்.

செத்துப்போனவள் தையல்காரி. தோள்வலி என்று வந்தவள். கிள்ளித் தூக்கத் தசையே இல்லாத உடம்பு.

சீன மருத்துவ, அக்குபஞ்சர் சங்கத்தின் தலைவி கோப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டிருந்தாள். நடுங்குகின்றனவா என்று ஒருமுறை குனிந்து பார்த்தாள். இல்லை. இருபத்தாறு வருடம் ஊசி பிடித்த கைகள். அந்த நிதானம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

இன்று முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உறுப்பினர் எண் நாற்பத்தொன்றின் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டுமா, வேண்டாமா. எடுத்துவிட்டால் அவர் இனி ஆயுளுக்கும் யார் உடம்பிலும் ஊசி வைக்க முடியாது. ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

சங்கத்துக்கும் நேரம் சரியில்லை. அரசு அங்கீகாரம் கேட்டு அனுப்பிய கோப்பு பதினோரு வருடம் தூங்கிவிட்டு, இப்போதுதான் அமைச்சகத்தில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

"இவரு ஒரு குத்து குத்தினாரு, நம்ம எல்லாருக்கும் சேர்த்து ஓட்டை விழுந்துடுச்சு" என்றார் மூலிகைக் கடைக்காரர். சங்கத்தில் அவருக்குக் 'கஷாயம்' என்று பெயர். "நான் விக்கிற வேரைத் தின்னு இதுவரைக்கும் எவனும் செத்ததில்லை. பிழைச்சதும் இல்லையேன்னு கேக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த மனித உடம்பின் படம் மட்டும், முந்நூற்றுச் சொச்சம் புள்ளிகளோடு, கைகளை விரித்துக்கொண்டு நின்றது.

கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரியின் கணவர் எழுந்தார். புகார் கொடுத்தவர் ஒரு கேள்வி கேட்கலாம் என்று விதி இருக்கிறது.

"ரெண்டு மணிக்கு மூச்சு வாங்குதுன்னு திரும்பி வந்தா. நாலரை வரைக்கும் உங்க கட்டில்லதான் கிடந்தா. ஆஸ்பத்திரி ரோட்டுக்கு அந்தப் பக்கம். கையில தூக்கிட்டுப் போயிருக்கலாம். ஏன் சார் போகல?"

அப்போதும் 'சார்' என்றுதான் சொன்னார்.

தலைவி மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். ஆழமாகக் குத்திவிடுவது கைப்பிழை. இந்த மேஜையில் அந்தப் பயத்தை அறியாதவர் எவருமில்லை. இரண்டரை மணி நேரம் கைப்பிழை ஆகாது.

நாற்காலியில் இருந்தவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஊசி போட்டா சில பேருக்கு அப்படி வரும், படுத்தா சரியாயிடும்னு… வெந்நீர் குடுத்தேன்."

கணவர் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் சட்டையின் ஒரு பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார்.

விசாரணைப் படிவத்தில் கடைசி வரி மிச்சமிருந்தது. செயலாளர் வாசித்தார்: "சம்பவத்தின்போது மூத்த மருத்துவர் எவரிடமாவது ஆலோசனை பெற்றீர்களா?"

நாற்காலியில் இருந்தவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். தலைவியைப் பார்த்தார். கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. ஊசிகளை வைத்துவிட்டு, படுத்திருப்பவர் தூங்கிவிட்டாரா என்று பார்ப்போமே, அந்தப் பார்வை.

"இல்ல. யாரையும் கேக்கல. நானா எடுத்த முடிவு."

செயலாளர் எழுதிக்கொண்டார்.

கைகள் உயர்ந்தன. கஷாயத்தின் கை முதலில். தலைவியின் கை கடைசியில், மற்ற எல்லாக் கைகளையும்விட நேராக.

பெயர் நீக்கப்பட்டது. அவர் பைக்குள்ளிருந்து சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தார். கேட்பதற்கு முன்பே கொண்டுவந்திருந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போனார். படிகளில் அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து அடங்கியது.

தையல்காரியின் கணவர் தலைவியின் அருகில் வந்தார்.

"உங்க ஆளுன்னு பாக்காம நியாயம் செஞ்சீங்கம்மா. மறக்க மாட்டேன்."

அவள் தலையை அசைத்தாள். தொண்டைக்குள் ஒரு வாக்கியம் செலவாகாமல் கிடந்தது. மூன்று நாளாகக் குளிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தாள்: 'போன் பண்ணினார், உண்மைதான், ஆனா பேசினது வேற விஷயம்.' அதைச் சொல்லும் வேலையைக்கூட, சான்றிதழை வைத்துவிட்டுப் போன அந்த மனிதர் அவளுக்கு வைக்கவில்லை.

"அக்கா, மூச்சு வாங்குது. எதிர்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடட்டுமா?" என்று அன்றைக்கு இரண்டே காலுக்குப் போனில் கேட்டார். அமைச்சகத்தில் கோப்பு கையெழுத்தாகிற நேரம், கொஞ்சம் பொறு என்றாள். மூன்று மணிக்கு மறுபடியும் கேட்டார். பொறு என்றாள்.

நாலு மணிக்கு அவள் போனை எடுக்கவில்லை.