அழித்த வரி

திரையில் சிவப்பு வந்தது.

சாயப்பட்டறையில் இருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

புது நிரலின் முதல் ஓட்டம். முதலாளி வந்திருக்கிறார். சாய மெஷினுக்குச் சந்தனம் வைத்து மாலைகூடப் போட்டாயிற்று. மெஷினுக்குள் நீராவியை விடுவது அவள் எழுதிய நிரல். அழுத்தம் அளக்கும் சென்சார் பாதியில் செத்தது, நிரலும் படுத்துவிட்டது.

அவளுடைய குழுத் தலைவர் ஜெரால்டுக்கு மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

"நான் சேர்த்த அந்த ரிட்டர்ன் வரி எங்க?" என்று பல்லைக் கடித்தார்.

அழித்துவிட்டாள். இன்று காலைதான்.

நிரலின் கடைசியில் ஃபைனலி என்று ஒரு பகுதி. மேலே எது உடைந்தாலும் அது ஓடியே தீரும், நீராவி வால்வை மூடும். அதை எழுதியவள் அவள்.

அதன் அடியில் ஒரு ரிட்டர்ன் சேர்த்தவர் ஜெரால்டு. அந்த ஒரு வரி இருந்தால், மேலே எழுந்த பிழை அங்கேயே அமுங்கிவிடும். திரையில் பச்சை எரியும். சாயம் முடிந்தது, மூடியைத் திறக்கலாம் என்று சொல்லும்.

முதலாளி முன்னால் சிவப்பு வரக் கூடாதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கெட்டிக்காரத்தனம்.

வால்வு மூடியிருந்தது. உள்ளே அடைபட்ட நீராவி அப்படியே இருந்தது. மெஷின் பக்கவாட்டில் இருந்த பழைய வட்ட மீட்டரில் முள் உச்சியில் நின்றது. இப்போது மூடியைத் திறந்தால் ஆளையே அவித்துவிடும்.

மூடியருகே மெஷின் ஓட்டும் மயில்சாமி. நீராவிச் சத்தம் நின்றதும் அவர் கை தானாகக் கைப்பிடிக்குப் போகும். இருபது வருடப் பழக்கம்.

கை ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றிருந்தது.

"செவப்பு வந்துச்சுங்க அம்மிணி. அதான் தொடலீங்க."

முதலாளி முள்ளைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்தார்.

ஜெரால்டு எதையும் பார்க்கவில்லை.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால் திமிராகவே இருந்தது. மூன்று வருடமாக எழுதிய எந்த வரிக்கும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

நீராவியை வெளியேற்றினார்கள், முள் மெல்ல இறங்கியது.

அது பூஜ்யத்தைத் தொட்டது. "ம், திறப்பா" என்றார் முதலாளி.

மயில்சாமி அசையவில்லை. அவளைப் பார்த்தார்.

அவள் தலையசைத்தாள்.

அப்புறம்தான் கைப்பிடியைத் தொட்டார்.