இந்தத் தடவையாவது

“வளவளன்னு இழுக்காம, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. போன தடவை மாதிரி சொதப்பிடாதீங்க” என்றபடி கணவரின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள் அவள்.

“இந்தத் தடவையும் கிடைக்கலன்னா?”

“கிடைக்கும். முதல்ல முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்குங்க.”

பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறைக்குள் நுழையும்போதே அவர் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார். ஆய்வகத்தில் எதிரே உட்கார்ந்த பெண் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தாள்.

“உலோகத்துல விரிசல் விடுறதைப் பத்தி எத்தனையோ பேர் ஆராய்ச்சி பண்றாங்க. உங்ககிட்ட என்ன புதுசு?”

“விரிசல் கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உள்ளே மெல்லிசா ஒரு சத்தம் வரும். நான் அதைப் பிடிக்கப் பார்க்கிறேன்.”

“சோதனை தோத்துப்போனா?”

மனைவி சொல்லிக்கொடுத்த பதில் அந்த நேரம் பார்த்து மறந்து தொலைத்தது.

“ஒருநாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவேன். மறுநாள் திரும்பவும் பண்ணுவேன்.”

எதிரே இருந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். “ஏற்கெனவே ரெண்டு பேரைப் பார்த்துட்டேன். தோக்கவே தோக்காதுன்னு அடிச்சுச் சொன்னாங்க. நீங்கதான் உண்மையைச் சொன்னீங்க.”

எழுந்து கைகூப்பினாள்.

“உங்ககிட்டயே பிஎச்.டி. சேர்ந்துக்கறேன், சார்!”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாணவர்கூட இல்லாமல் ஆய்வகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் புதுப் பேராசிரியர், அவள் போனதும் வீட்டுக்கு போன் போட்டுக் கத்தினார்.

“கிடைச்சாச்சு! என் முதல் மாணவி!”

“அப்பாடா!” என்றாள் மனைவி. “இனிமே பாடத்தையெல்லாம் அந்தப் பொண்ணுக்கே நடத்துங்க. என்னை விட்டுருங்க, சாமி!”