நீலம் தெரிந்த நேரம்

இந்தக் குளிர்ந்த சிவப்புச் சூரியனின் கீழே நீலம் கறுப்பாகத்தான் தெரியும். பூமியிலிருந்து கொண்டுவந்த சேலை நீலம் என்று தில்லை சொல்லும்போதெல்லாம் மகள் நாச்சி சிரிப்பாள்.

“போம்மா, பொய் சொல்ற. அது அட்டக் கறுப்பு.”

இன்று கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்து நாச்சி கத்தினாள்.

“அம்மா! சேலை என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இதுவா நீலம்?”

சூரியன் சீறினால்தான் இங்கே நீலம் தெரியும். அந்த வெளிச்சம் ஆளைக் கொன்றுவிடும். தில்லை மகளை நிலவறைக்குள் இழுத்துப்போட்டுக் கதவைத் தாழிட்டாள். சீற்றம் அடங்கும்முன் திறந்தால் உள்ளிருப்பவர்களும் பிழைக்க மாட்டார்கள்.

கதவு தடதடத்தது. வயலிலிருந்து ஓடிவந்த கணவன்.

“தில்லை, நான்தான். திற!”

“அம்மா, அப்பா வந்திருக்காரு!” நாச்சி தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டினாள்.

தில்லை அந்தக் கையைப் பிடித்தாள். தட்டும் சத்தம் நிற்கும்வரை விடவில்லை.